சின்ன ஜீப், பெரிய தர்க்கம்

உள்ளங்கையில் அடங்குகிற வண்டியைச் செய்வது சுலபம். அந்தக் காலத்தில் அது அப்படித்தான் இருந்தது என்று நாலு பேரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பாடு. பாறசாலையில் பல் செட் செய்கிற லேபில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். இப்போது அதே சின்ன அரங்களை வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்து வண்டிகளை இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் செய்து கொடுக்கிறேன். பல் செட் சரியில்லை என்றால் ஆளுக்கு வலிக்கும், திரும்பி வருவார். வண்டி சரியில்லை என்றால் யாருக்கும் வலிக்காது, ஆனாலும் வருவார்கள். ஜாக்கெட் தைக்கிறவர்களும் கேக்கில் பெயர் எழுதுகிறவர்களும் இதைப் படித்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

ரெண்டு ஓட்டை குறைவு

முதல் ஜீப்பைப் படம் பார்த்துச் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. கள்ளிக்காட்டில் வின்சென்ட் அண்ணனிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. ரப்பர் தோட்டத்துக்குச் சுமை ஏற்றுகிற வண்டி. "பட்டாளத்து வண்டியாக்கும், சண்டைக்குப் போயிட்டு வந்தது" என்று அவர் சொன்னதை நம்பி, ஒரு நாள் முழுக்க டேப் பிடித்து அளந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்து செய்து, நெய்யாற்றின்கரையில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு சரித்திர வாத்தியார் குனிந்து, முன்பக்கத்து கிரில்லை விரல் வைத்து எண்ணினார். ஏழு ஓட்டை. போர்க்காலத்து ஜீப்புக்கு ஒன்பது ஓட்டை, ஏழு என்றால் அது போர் முடிந்தபிறகு பொதுமக்களுக்கு விற்ற வண்டி என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். என் ஜீப்பைப் போர் வண்டிகள் மேசையிலிருந்து எடுத்து, தீக்குச்சியில் செய்த ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே கள்ளிக்காட்டுக்கு பஸ் ஏறினேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வின்சென்ட் அண்ணன் பானெட்டைத் தடவிக்கொடுத்தார்.

"ரெண்டு ஓட்டை கொறஞ்சதுக்கு எனக்க வண்டி ஒரு நாளும் மலை ஏறாம நிண்ணதில்ல. வாத்தியாருக்கு எண்ணத்தான் தெரியும், ஏத்தத் தெரியாது."

விளக்குக்கு முக்காடு

காரக்கோணத்தில் வளைகுடா போய் வந்த ஒருவர், விளக்கு எரிகிற போர்க்காலக் கார் ஒன்று வேண்டும் என்றார். எதிரி விமானம் வந்தால் வெளிச்சம் தெரியக்கூடாது என்று அந்தக் காலத்தில் காரின் முகப்பு விளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்தார்கள். நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல்தான் இருக்கும். அதை அப்படியே செய்தேன். கடுகைவிடச் சின்ன பல்பு, அதற்கு ஒரு மூடி. அந்தக் கீறலை அறுக்க மட்டும் இரண்டு நாள் ஆயிற்று.

ஷோகேஸில் வைத்து சுவிட்சைப் போட்டார். மின்மினி கண் சிமிட்டினதுபோல் ஒரு வெளிச்சம். அவர் என்னைப் பார்த்தார். விமானக் கதையை விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எனக்க ஷோகேஸுக்கு மேல ஃபேன் மட்டுந்தான் சுத்தும். நீங்க அந்தக் கறுப்ப எடுத்து மாத்துங்க."

தண்ணியில் போகிற கார்

ஜெர்மன்காரர்கள் போரில் ஓட்டிய ஒரு காருக்குப் பின்னால் மோட்டார் படகுக்கு இருப்பதுபோல் விசிறி உண்டு. ரோட்டிலும் போகும், ஆற்றிலும் போகும். அதைச் செய்து படம் எடுத்து இணையக் குழுவில் போட்டபோது, வெளிநாட்டுக்காரர்கள்கூட ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினார்கள். ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அந்த வாரம்தான் பூவாற்றுக் கடற்கரையில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற ஆன்றனி அண்ணன், ஒரு பித்தளை வாஷரை நேர்த்தியாக அராவித் தரச் சொல்லி வந்தார். காரைக் கையில் எடுத்தார். "இந்த விசிறி எந்தப் பக்கம் சுத்தும்?" என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். விரல் நுனியால் அந்தப் பக்கம் மெல்லச் சுற்றிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். பழைய படத்தை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விசிறியின் இலைகளை எதிர்ப்பக்கமாக முறுக்கிவிட்டிருந்தேன்.

"இது சண்டைக்குப் போவாது மக்கா, பின்பக்கமா வந்து கரையில ஏறிரும். இதுல இருந்தவன் பாக்கியவானாக்கும்."

கரி வண்டி

போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, நம் ஊரில் கார்களைக் கரியில் ஓட்டினார்கள். ஒரு பீப்பாய் அடுப்பில் கரியை எரித்து, அதில் வருகிற வாயுவில் எஞ்சின் ஓடும். நெய்யாற்றின்கரையில் தங்கப்பன் மாமாவின் அப்பா அப்படி ஒரு வாடகைக் கார் ஓட்டினவர். அந்தக் காரைச் செய்து தரச் சொன்னார் மாமா. வயது தொண்ணூறு. படம் ஒன்றுகூட இல்லை. அடுப்பு இடது பக்கத்துக் கதவுக்குக் கீழே, ஃபுட்போர்டில் இருந்தது என்றார். மறுநாள் அவர் தம்பி செல்லப்பன் மாமா போன் செய்து, அது வலது பக்கம், அண்ணன் சொல்வதைக் கேட்டுச் செய்தால் அப்பாவுக்கே அவமானம் என்றார். அடுத்தடுத்த வீடு. மதிலுக்கு மேல் சாய்ந்த ஒரு பலாக்கொம்பின் பேரில் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அடுப்பை ஒட்டாமல் தனியாக வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை. வந்தார்கள், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அடுப்பை அண்ணன் கையில் கொடுத்தேன். வாங்கி, காரின் ஒரு பக்கத்து ஃபுட்போர்டில் வைத்தார். "நீங்க காட்டுங்க மாமா" என்றேன் தம்பியிடம். "நான் வலது பக்கம்னு சொன்னேம்லா, இங்கதான்" என்று அவர் விரல் வைத்த இடத்தில் அதே அடுப்பு இருந்தது.

பிறகு அண்ணன் என்னை விட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் கேட்டார்: "நீ எங்க நிண்ணு பாத்த?"

"வீட்டு வாசல்ல. வண்டி எனக்கு நேரா வரும். நீ உள்ள அப்பனுக்கப் பக்கத்துல இருப்ப. என்னைய ஒரு நாளும் ஏத்தினதில்ல."

எதிரே நின்று பார்த்தவருக்கு வலது, உள்ளே இருந்தவருக்கு இடது. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கப்பன் மாமா வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, தொடையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்த தழும்பைக் காட்டினார்.

"அந்த சீட்டுக்குப் பக்கத்துல அடுப்பு எரியுமாக்கும் எலே. நீ சின்னவன், சுட்டுரும்னுதான் அப்பன் ஏத்தல."

சரித்திரத்தை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்க எனக்குத் தெரியும். அதைப்பற்றி ஆட்களுக்கு இருக்கிற அபிப்பிராயத்தை மட்டும் இதுவரை ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருக்க முடியவில்லை.