மேலே கொன்சல், கீழே சிறை

என் மனைவி பிரெஞ்சுப் பரீட்சையில் முதல் தடவையே பாஸ். நான் பெயில். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. "போட்டா ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போடுறது" என்று அவள் தன் விண்ணப்பத்தையும் போடாமல் ஒரு வருடம் வைத்திருந்தாள். எனக்கு வெட்கமென்றால் வெட்கம்!

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், உணவகமொன்றில் மத்தியான வேலை முடிந்த கையோடு வகுப்புக்கு ஓடுவேன். பக்கத்து வாங்கில் இருந்தவள் தைவான்காரி ஒருத்தி, கேக் கடையில் வேலை. பக்கத்தில் இருப்பவரின் ஊர்க் கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார் ஆசிரியை. அவளுக்கு என் ஊர் யாழ்ப்பாணக் கோட்டை. எனக்கு, அவள் ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்திலிருக்கும் பழைய பிரித்தானியத் துணைத் தூதரகம்.

முதலில் ஸ்பானியரின் கோட்டையாம். பிறகு ஒல்லாந்தர் கல்லால் கட்டினார்களாம். ஒல்லாந்தர் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். எங்களையும் விட்டுவைக்காத ஆட்கள் அல்லவா! பின்னர் வந்த வெள்ளைக்காரன் சீன அரசிடம் அதைக் குத்தகைக்கு எடுத்து, வெள்ளைச் சுவருக்குச் சிவப்படித்து, மேல்மாடியில் கொன்சல் என்கிற துணைத் தூதரின் அலுவலகமும் கீழே சிறையும் வைத்தானாம். தன் நாட்டவர் குற்றம் செய்தால் விசாரிப்பதும் கொன்சல்தான்.

பரீட்சையிலும் விரும்பிய தலைப்பில் பேசலாம் என்றார்கள். ரியூசனில் படித்த பழக்கம் போகுமா? அந்தக் கட்டடத்தின் கதையையே பேசுவதென்று, பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். "அண்ணை, என்ன மந்திரம் சொல்லுறியள்?" என்று உணவகக் குசினியில் சிரித்தார்கள்.

பரீட்சையில் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பாதியில் பரீட்சகர் அம்மா, "கொன்சலுக்குச் சிறை எதற்கு?" என்று கேட்டுவிட்டார். சனியன், அது கொப்பியில் இல்லையே! திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மடாம், முத்திரை குத்துவதும் அவர், பிடித்து அடைப்பதும் அவர். பத்திரத்துக்கு வந்தவன் அந்தச் சிறையைப் பார்த்துப் பார்த்துத்தான் படியேறியிருப்பான். விசாவுக்குப் பிரிபெக்சர் அலுவலக வரிசையில் நின்ற எனக்கு அது தெரியும்."

அவர் சிரித்துவிட்டு வரிசையைப் பற்றிக் கேட்டார். விடுவேனா? மூடின கவுண்டர், குறைந்த பத்திரம், மழையில் நனைந்த பைல் எல்லாம் சொன்னேன். கடைசியில், "நேரம் முடிந்தது, மிஸ்யூ" என்று அவரே நிறுத்த வேண்டியதாயிற்று.

முடிவு வந்த அன்று கடிதத்தை மனைவிதான் உடைத்தாள். பாஸ்! ஒரு வருடமாக ஒரு சொல் குறை சொல்லாதவள், அப்படியே படிக்கட்டில் குந்தி விக்கி விக்கி அழுதாள்.

"இனிப் போடுவமே?" என்றாள்.

"ஓம்" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.