பச்சைப் புள்ளி மெட்டில்டாவுடையது

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் டிப்ளமோ படித்தவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறேன். முடிச்சூரில் தகடு அடிக்கும் ஒரே ஒரு பிரஸ் மெஷினோடு பட்டறை ஆரம்பித்தேன். இன்று பதினொன்று ஓடுகிறது. கார் கம்பெனிகளுக்குப் போகும் பிராக்கெட் அடிக்கிறோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. கூச்சப்பட வேண்டியது வேறொன்று. அது மெட்டில்டாவைப் பற்றியது.

மெட்டில்டா பட்டறைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலானவர். பேக்கிங்குக்குத்தான் எடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு பிராக்கெட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“பாய், இது ஓரம் கடிக்குது.”

“கேஜ் வச்சு அளந்தா சரியாத்தான இருக்கு?”

“கேஜுக்கு விரல் இல்லையே பாய்.”

கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டியே பிசிறைக் கண்டுபிடிப்பார். அன்றிலிருந்து சோதனை மேஜை அவருடையது. ஷட்டருக்கு அடித்து மீந்த பச்சைப் பெயின்ட்டைத் தீக்குச்சியில் தொட்டு, பார்த்து முடித்த பீஸில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இல்லாத பீஸ் வண்டி ஏறாது. ஒருமுறை லாரி வாசலில் நிற்கிறது, நான் கத்துகிறேன், இவர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

“ஏத்தணும்னா ஏத்திக்குங்க பாய். புள்ளி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.”

நான் ஏற்றவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பெட்டி திரும்பி வந்ததில்லை. வாங்குகிறவர்கள் எனக்கு வைத்த பெயரே பச்சைப் புள்ளி பாய்.

போன வருடம் மருமகள் இரம் எனக்கு லிங்க்ட்இன்னில் பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். பேருக்குக் கீழே ஹெட்லைன் என்று ஒரு வரி வருமாம்.

“மாமா, நீங்க யாரு, என்ன செய்றீங்க, உங்ககிட்ட மட்டும் என்ன ஸ்பெஷல், எல்லாம் அந்த ஒரு வரியில வரணும். அதைப் பார்த்துட்டுத்தான் உள்ளயே வருவாங்க.”

நான் யோசிக்கவே இல்லை. “எழுதிக்கோ. பச்சைப் புள்ளி ஜமால். தனி ஆளா எழுந்தவன். இருபது வருஷமா ஒவ்வொரு பீஸையும் தன் கையால செக் பண்றவன்.”

“செக் பண்றது மெட்டில்டா அக்கால்ல?”

“பட்டறை யாருது? அங்க யாரு கை பட்டாலும் அது என் கைதான். எழுதும்மா.”

அவள் இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். முந்நூறு லைக். மேற்குத் தாம்பரம் டீக்கடையில் நின்றால்கூட போனை நீட்டிக் காட்டுவேன். “இன்னா பாய், நெட்ல கலக்கிகினு கீறீங்கோ!” என்பார் டீ மாஸ்டர். எனக்கு இன்னொரு டீ இறங்கும்.

இந்த வருடம் மெட்டில்டா குடும்பம் மறைமலை நகருக்கு வீடு மாறியது. ரயில், ஷேர் ஆட்டோ, மூட்டு வலி. அங்கேயே ஒரு பெரிய கம்பெனியில் சோதனை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இன்டர்வியூவுக்குச் சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். மறுநாள் வந்தவரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டேன்.

“என்னம்மா, நம்ம பட்டறை பேரச் சொன்னதும் சேர் எடுத்துப் போட்டாங்களா?”

“வேலை குடுத்துட்டாங்க பாய். பேக்கிங்ல.”

“பேக்கிங்கா? ஏன்?”

பேச்சை மாற்றப் பார்த்தார். விடாமல் கேட்டேன்.

“அங்க சுப்ரமணியன்னு ஒரு சார். போனைத் திருப்பிக் காட்டினாரு. ‘உங்க முதலாளி தன் கையால செக் பண்றேன்னு போட்டிருக்காரு. நீங்களும் நான்தான்றீங்க. ரெண்டு பேர்ல யாரும்மா பொய்?’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“முதலாளி சொல்றதுதான் சரின்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுத் தீக்குச்சியைப் பெயின்ட்டில் தொட்டு அடுத்த பீஸை எடுத்தார். எனக்குக் காது சுட்டது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அன்றைக்கே இரமிடம் அந்த வரியை மாற்றச் சொல்லிவிட்டு, சுப்ரமணியனுக்குப் போன் செய்தேன். “நேத்து ஒண்ணு போடுறீங்க, இன்னைக்கு ஒண்ணு போடுறீங்க. எதை சார் நம்புறது?” என்றார். போனை வைத்தேன்.

மறுநாள் மெட்டில்டாவைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றேன்.

“நல்லதும் கெட்டதும் கலந்து நூறு பீஸ் குடுங்க சார். ரெண்டு பேரையும் சோதிச்சுப் பாருங்க.”

மெட்டில்டா காதோரம் வந்தார். “பாய், வேணாம். மானம் போயிடும்.”

“போகட்டும்மா.”

முதலில் நான் உட்கார்ந்தேன். நூறில் ஏழு கெட்டது. நான் பிடித்தது இரண்டு. போதாததற்கு நல்ல பீஸ் ஒன்றையும் தூக்கி ஒதுக்கி வைத்தேன். அதே நூறில் மெட்டில்டா ஏழையும் எடுத்தார், நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. சுற்றி நின்ற இன்ஜினியர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“சார், பச்சைப் புள்ளி ஜமால் நீங்கதானே?”

“ஜமால் நான். பச்சைப் புள்ளி அவங்க.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

மெட்டில்டா இப்போது அங்கே சோதனை மேஜையில் இருக்கிறார். என் லிங்க்ட்இன் பக்கத்தில் இப்போது இருக்கும் வரி இதுதான்: ‘முடிச்சூரில் பிராக்கெட் அடிக்கிறோம். இருபது வருடம் சோதித்து அனுப்பியவர் மெட்டில்டா.’ பதினொரு லைக் வந்தது. அவர் இடத்துக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு நீலப் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன்.

ஜிஎஸ்டி சாலையில் யாராவது “பச்சைப் புள்ளி பாய்!” என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிவிடுகிறேன். திரும்பிய பிறகுதான் காது சுடுகிறது.