ஹர்த்தால் தெரியாத கம்பெனி

“இன்டர்நெட்டுக்கு ஏது வே ஷட்டரு? ஊரே அடைச்சாலும் நம்ம கம்பெனி அடைக்காது, பாத்துக்கிடும்.”

இரண்டாயிரமாம் ஆண்டில், மலையாளத் தலைநகரில், சாலை என்ற கடைத்தெருவில் எண்ணெய்க் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே மென்பொருள் நிறுவனம் திறந்த அன்று கோலப்பன் இப்படி அறிவித்தார். கேட்டு நின்றவர் எண்ணெய்க் கடை அருமைநாயகம். அவர் இன்டர்நெட்டைக் கண்டதில்லை. ஆனாலும் இன்னொரு லட்டை எடுத்துக்கொண்டு ஆமோதித்தார்.

சொன்னதைக் கோலப்பன் காப்பாற்றவும் செய்தார். பந்த்துக்கு நீதிமன்றம் தடை போட்டதும் அது ஹர்த்தால் என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு அடிக்கடி நகர்வலம் வந்த காலம். மறியல்காரர்கள் பால், பத்திரிகை, கல்யாணம் என்றால்தான் வழிவிடுவார்கள். ஆகவே ஹர்த்தால் காலைகளில் கோலப்பனின் காரில் ‘விவாகம்’ என்று தாள் ஒட்டப்படும். கம்பெனியில் புரோகிராம் எழுதும் ஜெஸ்லின் பின்னிருக்கையில், பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக, அமெரிக்கப் பல் மருத்துவர்களுக்குக் கம்பெனி செய்து தரும் பில் மென்பொருளில் நேர்ந்த கோளாறை யோசித்தபடி இருப்பாள்.

“கொஞ்சம் வெக்கப்படு பிள்ள, கொடிக்காரன் பாக்கான்” என்பார் முதலாளி.

ஒரு மறியல்காரன் மட்டும், சேச்சிக்கு இது எத்தனாவது கல்யாணம் என்று விசாரித்துவிட்டு வழிவிட்டான்.

அடுத்த வருடம் அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. பல் மருத்துவர்களின் வேலையைப் பிடித்துத் தந்தவனிடமிருந்து மின்னஞ்சல் வருவது நின்றது. கோலப்பன் சாலை வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கக் கிளம்பினார். ரப்பரும் தேங்காயும் விலை விழுந்து, கடைத்தெருவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

“ஓடுக யாவாரத்த எண்ணதுக்கு எனக்க கைவிரலே மிச்சம் கெடக்கு, அண்ணாச்சி” என்றார் அருமைநாயகம்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியாக ஜெஸ்லின், இம்முறை நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனாள். அந்தக் கல்யாணத்துக்குக் கோலப்பன் பஸ்ஸில் போனார். கம்பெனியை விரிவாக்கத்தான் காரை விற்றார் என்று வீட்டில் நம்பியிருந்தார்கள்.

அமெரிக்கா படுத்துவிட்ட சேதி மனைவி நாச்சியாருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அவள் தினமும் சாப்பாடு கட்டித் தருகிறாள். இவர் தினமும் போய், அணைத்து வைத்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே அதைச் சாப்பிட்டுத் திரும்புகிறார். இன்றைக்குச் சாலையில் ஹர்த்தாலுக்கு இவரைப் போல ஆதரவாளர் கிடையாது. எந்தக் கட்சி, என்ன கோரிக்கை என்றெல்லாம் பேதம் பார்ப்பதில்லை. அன்றைக்கு எல்லாக் கடையும் இவர் கடை மாதிரியே இருக்கும். பஸ் ஓடாததால் வீட்டிலேயே இருந்துவிடலாம், நாச்சியாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

போன வியாழக்கிழமைக்கு அறிவித்திருந்த ஹர்த்தாலை அன்று விடியற்காலையில் கைவிட்டார்கள். கோலப்பன் போர்வைக்குள் இருந்தார். நாச்சியார் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து எழுப்பினாள்.

“வாபஸ் வாங்கிட்டாவளாம். எந்திரிங்க, அமெரிக்காக்காரன் காத்துக் கெடப்பான்லா?”

சாலையில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. அருமைநாயகம் வாசலுக்குத் தண்ணீர் தெளித்தபடி, இன்றைக்கு வேலை உண்டா என்று கேட்டார்.

“உண்டு, நெறைய கெடக்கு.”

கோலப்பன் ஷட்டரைப் பாதி தூக்கி, சாப்பாட்டுப் பையோடு குனிந்து உள்ளே நுழைந்தார். பிறகு, சத்தம் வராமல் கொஞ்சம் கொஞ்சமாக, அதை உள்ளிருந்தே தரைவரை இறக்கினார்.