நடுநிலை மாத்திரைகள்

கணாரேட்டன் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முதலில் சொன்னது டீக்கடை மொய்து. கேரளத்தில் எங்கள் வடகரைப் பக்கத்தில் ஒருவரைப் பற்றி அவருக்கே தெரியாத செய்தியெல்லாம் மொய்து கடையில்தான் முதலில் கிடைக்கும்.

"அம்பயர் நாற்காலியிலேருந்து இறங்கும்போது கம்பியப் புடிச்சுக்கிட்டு ஆடுனாரு. என் கண்ணால பாத்தேன்."

"வாசனை வந்துச்சா?"

"அதான் சந்தேகமே. வாசனை வராதது விலை கூடின சரக்கு. மஸ்கட்லேருந்து மக அனுப்பியிருப்பா."

எங்கள் ஊர் வாலிபால் பந்தயங்களுக்கு எத்தனையோ வருடங்களாக, ஊருக்கே ஏட்டனான, அதாவது அண்ணனான, அவர்தான் அம்பயர். மனைவி இறந்து, மகளும் கடல் தாண்டிய பிறகு அவர் காதில் விழுந்த மனிதக் குரல் பெரும்பாலும் அந்த நாற்காலிக்குக் கீழிருந்து வந்த வசவுதான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு வேறு ஆளைப் போட கிளப் செயலாளர் ரிஜேஷ் தயாராகிவிட்டான். குடிகாரரை அவ்வளவு உயரத்தில் உட்காரவைக்க முடியுமா? ஆடுகிறவர்கள் குடித்திருந்தால் அது வேறு விஷயம்.

உண்மையை அறிய ஒரு பொட்டலம் மத்தி மீனோடு அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்தார். கதவு நிலையைப் பிடித்தார். கண் செருக, மறுபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாசனை வரத்தான் செய்தது. மூட்டுவலித் தைலம்.

"என்ன ஏட்டா?"

"எந்திரிச்சா வீடு சுத்துது. உக்காந்தா நின்னுடுது. அதான் உக்காந்தே கெடக்கேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்ல யாரு வர்றா இங்க? இப்பத்தான் நீ வந்திருக்க."

துணை சுகாதார நிலையத்து நர்ஸ் சைஜாவுக்கு போன் போட்டேன். வந்தாள். உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நிற்கவைத்துப் பார்த்தவள் சட்டென்று அவரைக் கட்டிலில் படுக்கவைத்தாள்.

"பிரஷர் இவ்வளவு கீழ போயிருக்கு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

ஜன்னலோரம் மூன்று உறைகள். ஒன்று நூலகத்தின் இலவச மருத்துவ முகாமில் கொடுத்தது. ஒன்று கோயில் கமிட்டி முகாமில். மற்றது பள்ளிவாசல் கமிட்டி முகாமில். பெயர்தான் வேறு வேறு. மூன்றும் பிரஷரைக் குறைப்பவை.

"மூணையுமா முழுங்குறீங்க?"

"நான் அம்பயரு. ஒருத்தர் மாத்திரையத் தின்னுட்டு இன்னொருத்தர் மாத்திரைய மூலையில வெச்சா ஊருல என்ன பேசுவாங்க?"

"வேற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு அங்க கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. கோயில் பந்தல்ல நின்னு பள்ளிவாசல் பேரச் சொல்லச் சொல்றியா?"

சைஜா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒரு முகாம் போதாதா ஏட்டா? மூணுக்கும் எதுக்குப் போனீங்க?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "டீ குடுப்பாங்க, வாழைப்பழத்தைப் பொரிச்சுப் பழம்பொரி குடுப்பாங்க. யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுப் பாப்பாங்க."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. எல்லா முகாமிலும் அழுத்தம் கூடுதலாகக் காட்டியிருக்கிறது; கூட்டத்தைக் கண்ட பரபரப்பு சிலருக்கு அப்படிக் காட்டும் என்று பிறகு என்னிடம் சொன்னாள். வீட்டில் அவருக்கு ஏது கூட்டம்?

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டை நிறுத்தினார், ஒன்றைக் குறைத்தார். தலைசுற்றல் முழுக்கத் தீரும்வரை உயரத்தில் ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

"குடி இல்லப்பா, மாத்திரை" என்று ரிஜேஷிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு கேட்டுக்கொண்டான். ஆனால் வதந்தியால் போகவிருந்த நாற்காலி வைத்தியத்தால் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அதில் கோழிக்கோட்டிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்தார். மொய்து இப்போது கணாரேட்டனுக்கு இதயத்தில் ஓட்டை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இறுதி ஆட்டத்தின் கூச்சலை நானும் அவரும் அவர் வீட்டிலிருந்தே கேட்டோம்.

"அரையிறுதியில ஆத்தங்கரைக்காரங்க அடிச்ச கடைசிப் பந்து ரெண்டாத் தெரிஞ்சுது" என்றார். "ஒண்ணு கோட்டுக்கு உள்ள, ஒண்ணு வெளிய. லைன்ஸ்மேனக் கேக்காம, வெளியன்னு விசில் ஊதிட்டேன். ஆத்தங்கரை டீம் தோத்துடுச்சு."

"அவங்க கேப்டன் பிரசூன் அதையெல்லாம் மறந்திருப்பான் ஏட்டா."

"நேத்து அவனுக்கு போன் பண்ணேன். விடுங்க ஏட்டா, எப்படியும் தோத்திருப்போம்னான்." மைதானத்தில் யாரோ பாயிண்ட் எடுத்த சத்தம் கேட்டு ஓய்ந்தது. "தோக்குறது அவன் பாடு. அந்த ஒரு பாயிண்ட நான் தரணும். நாற்காலி இல்லாம எங்கேருந்து தர்றது?"