தண்ணீர் அறையில் பார்த்தது

திண்டுக்கல்லில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆஸ்பத்திரியில், ஒருநாள் காலை தண்ணீர் வராமல் மெஷின்கள் நின்றுபோயின. எனக்கு இன்னும் ஊசி ஏற்றவில்லை. டெக்னீஷியன் பெண்ணின் பின்னாலேயே, தண்ணீரைச் சுத்திகரிக்கும் அறைக்குப் போனேன்.

அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றி அவள் வெளிச்சத்தில் பிடித்தாள். அதன்மேல் நீலத் துகள்கள் மினுமினுத்தன.

"என்னம்மா இது?"

"பிளாஸ்டிக்குக்கா. மாடித் தொட்டி வெயில்ல உதிருது."

"எல்லாம் இதுலயே நின்னுருமா?"

"கண்ணுக்குத் தெரியிறது நின்னுரும்." வடிகட்டியை ஓரமாக வைத்தாள். "அதவிடப் பொடுசு எம்புட்டுத் தாண்டிப் போகுதுன்னு எனக்கே தெரியலக்கா. இங்க யாரும் சோதிச்சுப் பாத்ததில்ல."

புது வடிகட்டி மாட்டியதும் மெஷின்கள் மறுபடி முனகத் தொடங்கின. என் ரத்தத்தைக் கழுவப்போவது இந்தத் தண்ணீர்தான். வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இரண்டு நாள் தள்ளிப்போனால் எனக்கு மூச்சு முட்டிவிடும். படுத்துக் கையை நீட்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த குஜிலியம்பாறைக்காரர், "என்னத்தா, தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துருச்சுண்ணே."

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மாதமே தொட்டியை மாற்றிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் நின்ற அந்த நாளில், நான்கு மணி நேரமும் மெஷினுக்குப் போகும் குழாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதில் ஓடிய தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது.