‘வாங்கினேன்’ என்று ஒரு பெண் சொன்னபோது

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் அப்போது குளுவாங் டவுனை ஒட்டிய ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாகக் கணக்கு எழுதும் வேலை. வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர் பக்கம் ஓடிய அன்றே ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த கை மண்வெட்டி பிடிக்க வேண்டியதாயிற்று.

எனக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேண்டும். அதற்கு அரசாங்கம் ஒரு பரீட்சை வைக்கும். சட்டத்தில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் சரியான பொருள் சொல்ல வேண்டும். தமிழில் ஒருவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் பெயர் கொடுத்து, குற்றவியல் சட்டப் புத்தகம் ஒன்றையும் தேடி வாங்கி வைத்திருந்தேன். பரீட்சை வருவதற்குள் சண்டை வந்துவிட்டது.

ஆனாலும் படிப்பதை நான் விடவில்லை. நாள் முழுக்கக் கிழங்குக் கொல்லையில் குனிந்து நிற்பவனுக்கு நினைத்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் புத்தகம் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமான காலம். அதைக் கோழிக்கூண்டுக்கு அடியில், பலகைக்குக் கீழே வைத்திருந்தேன். காலையில் ஒரு பக்கம் பார்த்துவிட்டுப் போவேன். வேலை செய்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் என் மனைவி களை எடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் தமிழில் விளக்கம் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் திருட்டு சம்பந்தப்பட்ட சொற்கள். தெஃப்ட், ராபரி, எக்ஸ்டார்ஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“ஏங்க, திருட்டுக்கு இத்தனை பேரா? எடுத்தா திருட்டுதானே” என்றாள்.

யாருக்கும் தெரியாமல் எடுத்தால் ஒன்று, அடித்துப் பிடுங்கினால் ஒன்று, மிரட்டி வாங்கினால் இன்னொன்று என்று விளக்கினேன். பிறகு ‘ரிசீவ்’ என்ற சொல்லுக்கு வந்தேன். கடிதம் கிடைத்தது என்பதற்கும் இதே சொல்தான். ஆனால் கோர்ட்டில், திருட்டுப் பொருள் வழக்கில் வந்தால், அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்ட குற்றம் என்று அர்த்தம் என்றேன்.

“திருட்டுப் பொருள்னு தெரியாம வாங்கியிருந்தா?” என்று கேட்டாள்.

புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். தெரிந்தே, நேர்மையில்லாமல் வாங்கினால்தான் குற்றம் என்று இருந்தது. நான் பல தடவை படித்த வரிதான். சொல்லை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அந்த வரியைக் கவனிக்கவில்லை.

குளுவாங் கோர்ட்டை ஜப்பான்காரர்கள் மறுபடி திறந்திருந்தார்கள். நீதிபதி பழைய ஆள்தான், ஒரு மலாய்க்காரர். உள்ளே பேச்சும் எழுத்தும் ஆங்கிலத்திலேயே நடந்தது. அங்கிருந்தவர்களுக்கு வேறு மொழியில் சட்டம் பேசத் தெரியாது என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். கிழங்கைப் பாசாரில், அதாவது சந்தையில், போட்டுவிட்டு, நேரம் இருந்தால் நான் கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருவேன். புத்தகத்தில் படித்த சொற்களை அங்கே காதால் கேட்கலாம். வாசலில் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் புதிதாக வந்தவர். என் வயதுதான் இருக்கும். சண்டைக்கு முன் ஜொகூர் பாருவில் ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று கேள்வி. நல்ல ஆங்கிலம், டவுனில் வளர்ந்த தமிழ். சட்டம் படிக்காதவர். நான் ஆசைப்பட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று விசாரணைக்கு வந்தவள் தோட்டத்துப் பெண். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். புருஷனை சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். துணிக்குப் பெரும் பஞ்சம் அப்போது. சாக்கை வெட்டித் தைத்து உடுத்தியவர்கள் உண்டு. அந்த நிலையில் அவள் மகள் புதுப் பூப்போட்ட துணியில் பாவாடை கட்டிக்கொண்டு பாசாருக்கு வந்திருக்கிறாள். தன் கடையில் திருட்டுப்போன துணி அது என்று ஒரு சீனக் கடைக்காரர் அடையாளம் கண்டு பிடித்துக்கொடுத்துவிட்டார். திருட்டுப் பொருளை வாங்கி வைத்திருந்ததாக வழக்கு.

மற்ற நாட்களில் இல்லாத ஒருவர் அன்று நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு ஜப்பானிய ஆபீசர். வாளைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். நடப்பதை ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு தைவான்காரர் அவர் காதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தத் துணியை ‘ரிசீவ்’ செய்தாயா என்று நீதிபதி ஆங்கிலத்தில் கேட்டார்.

“இந்தத் துணிய நீ வாங்கினியா?” என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“ஆமாங்க, வாங்கினேன்” என்றாள் அவள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று நிறுத்திவிட்டார்கள்.

துணியை ‘ரிசீவ்’ செய்ததை ஒப்புக்கொள்கிறாள் என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்.

நீதிபதி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். கடையில் விலைக்கு வாங்கினாலும் வாங்கினேன்தான், கையில் பெற்றுக்கொண்டாலும் வாங்கினேன்தான். நம் தமிழில் அதற்கு ஒரே சொல். அவள் எதைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அங்கே எழுத்தில் ஏறுகிறது. அந்தக் காலத்தில் சின்னத் திருட்டுக்கும் ஜெயில். ஜெயிலுக்குப் போனவர்கள் பலர் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள்.

தைரியத்தோடு எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். எழுந்தபிறகுதான் எழுந்தது தெரிந்தது. “சார், அந்தச் சொல் தப்பு” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

மலாய் போலீஸ்காரர் ஓடிவந்து என் தோளை அழுத்தி, “டூடோக், டூடோக்” என்று உட்காரச் சொன்னார். ஆபீசர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தைவான்காரரிடம் ஏதோ கேட்டார். கோர்ட்டில் குறுக்கே பேசியவன், அதுவும் ஆங்கிலத்தில் பேசியவன். கெம்பித்தாய் என்கிற ராணுவப் போலீஸிடம் ஒப்படைக்க அது போதும். அங்கே போன சிலர் திரும்பி வராததை நான் அறிவேன்.

நீதிபதி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, இந்த ஆளை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு சேதமும் இல்லை.

தெரியும் என்றார். தோட்டத்துத் தமிழ் தனக்குச் சரியாகப் புரிவதில்லை என்றும், தவறினால் எடுத்துச் சொல்லும்படி தான்தான் இவரை வரச் சொன்னதாகவும் நிதானமாகச் சொன்னார். அப்புறம், தான் சொன்ன சொல் தவறு, கேள்வியை மறுபடி கேட்க அனுமதி வேண்டும் என்றார்.

தைவான்காரர் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். ஆபீசர் மொழிபெயர்ப்பாளரிடம் உரக்க ஏதோ கத்தினார். அவர் இடுப்பு வளையக் குனிந்து அப்படியே நின்றார். ஆபீசர் மேசையைத் தட்டி ஓய்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். நீதிபதி தலையசைத்தார்.

“அம்மா, இந்தத் துணி உன் கைக்கு எப்படி வந்துச்சு? முழுசா சொல்லு” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“பாசார்ல ஒரு ஆளு பட்டப்பகல்ல கூவி வித்துக்கிட்டு இருந்தாருங்க. ரெண்டு கோழியக் குடுத்து வாங்கினேன். மீ விக்கிற சீனரு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. திருட்டுத் துணின்னா நான் ஏங்க புள்ளைக்குக் கட்டி அதே பாசாருக்குக் கூட்டிக்கிட்டு வர்றேன்?”

இதை அவர் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னார். விலைக்கு வாங்கினாள் என்று பொருள்படும்படி ‘பாட்’ என்றார் இந்தத் தடவை. நீதிபதி முதலில் எழுதியதை அடித்துவிட்டு, மீ என்கிற நூடுல்ஸ் விற்கும் சீனரைக் கூட்டிவரச் சொன்னார். அந்த மனிதர் வந்து, அந்தப் பெண் கோழி கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவளை விட்டுவிட்டார்கள். துணி கடைக்காரருக்குப் போயிற்று. கோழியும் போய் துணியும் போய் அவள் நடந்து போனாள். எங்கள் இருவரையும் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று அவளுக்கு விளங்கியிருக்காது.

வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருந்தேன்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உங்க வேலை போயிருமே” என்றேன்.

“போகும்தான். நீங்க சொன்னது சரின்னு கேட்டதுமே தெரிஞ்சிருச்சு. அந்த ஆபீசர் உங்களப் பார்த்த பார்வையும் நல்லா இல்ல. வேற என்ன சொல்றது, தோணல” என்றார். பிறகு, “இந்தச் சட்டச் சொல்லெல்லாம் எங்க படிச்சீங்க?” என்று கேட்டார்.

கோழிக்கூண்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

அவர் சொன்னபடியே வேலை போயிற்று. தோட்டத்துத் தமிழும் சட்டச் சொல்லும் தெரிந்தவன் என்று அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் போக மனமில்லை. மறுத்தால் சும்மா விடுவார்களா என்ற பயமும் இருந்தது. அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

“போய் உட்காருங்க. நீங்க வேணாம்னா என்னை மாதிரி இன்னொருத்தன் வருவான். அப்புறம் பின்னால உட்கார்ந்து யாரு எந்திரிக்கிறது?” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போனேன். சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, விட்டுப்போன பரீட்சையை நடத்தியபோது எழுதித் தேறினேன். ஓய்வு பெறும்வரை கோர்ட்டிலேயே இருந்தேன். அவர் யோங் பெங்கில் உறவுக்காரர் வீட்டோடு போய்க் காய்கறித் தோட்டம் போட்டு, பிற்பாடு சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்தார். பல வருடம் கழித்து ஒரு முறை போய்ப் பார்த்தேன். பழைய பேச்சை எடுத்ததும், “அத இன்னுமா நினைச்சிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, கடைக்கு வந்தவருக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் நான் சொன்ன சொல்லும் சில தடவை பிசகியிருக்கிறது. வக்கீல்கள் எல்லார் முன்னாலும் எழுந்து திருத்தியிருக்கிறார்கள். முதலில் முகம் சுடும், விட்டுக்கொடுக்காமல் பேசத் தோன்றும். பிறகு, முன்பின் தெரியாத ஒருவனுக்காகத் தன் தவறை வாளுக்கு முன்னால் நின்று ஒப்புக்கொண்ட அந்த மனிதரை நினைத்துக்கொண்டு, என் சொல் தவறு என்று சொல்லிவிட்டு உட்காருவேன்.