புரட்டாசி விரதம் இருந்த பாம்பு

என் அண்ணனிடம் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவான். கேட்டுக்கொண்டான் என்று நினைத்தால் நாம்தான் முட்டாள். அப்படி ஒரு முட்டாளாகத்தான் என் பாம்பை அவனிடம் விட்டுவிட்டு வேலை விஷயமாக ஜொகூருக்குப் போனேன்.

அது நான் லைசென்ஸ் எடுத்து வளர்த்த சின்ன மலைப்பாம்பு. மஸ்ஜித் தானாவில் என் வாடகை வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் சூடு தரும் பல்புக்கு அடியில் சுருண்டு கிடக்கும். தெங்கேராவில் அண்ணன் வீட்டு ஹாலில் பெட்டியை இறக்கியபோது புரட்டாசி பிறந்திருந்தது. அண்ணி கிட்டேயே வரவில்லை.

"எலி கிலியெல்லாம் இந்த மாசம் வீட்டுக்குள்ள வரக்கூடாதுலா, சொல்லிட்டேன்."

"வேணாம் அண்ணி. ஒரு மாசம் பட்டினி கிடந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

உண்மைதான். உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நாம் தின்றுகொண்டே இருக்க வேண்டும். பாம்பு சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். சும்மா கிடப்பதால் தின்றது லேசில் தீராது. தின்ற பிறகுதான் அதன் உடம்புக்குப் பெரிய வேலை. அந்த வேலைக்குச் சூடு வேண்டும், இல்லையென்றால் இரை வயிற்றிலேயே அழுகும். இதையெல்லாம் அண்ணனிடம் விளக்கிச் சொல்லி, பல்பை மட்டும் அணைக்காதே என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினான்.

புரட்டாசி முடிந்த அன்று அந்த வீட்டில் ஆட்டுக்கறி. அண்ணனுக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கடைக்குப் போய் மூன்று எலி வாங்கிவந்து மூன்றையும் போட்டிருக்கிறான். அதோடு விட்டானா? பல்பை அணைத்துவிட்டு ஏர்கோனை முழுக் குளிரில் திறந்துவிட்டிருக்கிறான்.

நான் திரும்பி வந்தபோது பெட்டிக்குள் கக்கிய எலிகள் கிடந்தன. ஒரே நாற்றம். பாம்பைக் கையில் எடுத்தேன். தண்ணீர்ப் பைப்பைத் தொட்டதுபோல் சில்லென்று இருந்தது. உயிர் இல்லை.

"பல்பை ஏண்ணே அணைச்ச?"

"கறி சூடுலா தம்பி. ஒரு மாசம் சும்மா கிடந்த வயிறு. நமக்குன்னா மோர் குடிச்சுக்கலாம், அது என்ன பண்ணும்? பாவமேன்னு ஏர்கோன் போட்டேன்."

"ஒண்ணுமே போடாம இருந்திருந்தா உயிரோட இருந்திருக்கும்."

"சோறு போட்டவன் மேலயே பாயிறியே!"

அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பாம்பைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் அவனே புதைத்தானாம்.

இப்போது கதையே வேறு. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் சொல்கிறான்: "மாசம் முழுக்க விரதம் இருந்துச்சு. கறி பட்ட அன்னிக்கே உயிரை விட்டுடுச்சு. சாமிப் பாம்புலா அது." பெம்பானிலிருந்துகூட ஆட்கள் காரில் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். புதைத்த இடத்தில் மஞ்சள், குங்குமம், ஒரு தகரக்கூரை. எனக்கு வயிறு எரிகிறது. அந்த வீட்டில் நான் கை நனைப்பதில்லை.

போன வாரம் ஒரு சாவுக்காகத் தெங்கேரா போனவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். நல்ல மழை. பாம்பு உயிரோடு இருந்தபோது ஒரு பல்பை எரியவிடாத என் அண்ணன், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அங்கே எரிந்த எண்ணெய் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.